உத்தியோக லட்சணம்

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். ஸ்திரீகளை விட்டுவிட்டார்களே என்று இக்காலத்தில் அவர்கள்மீது ஒரு குறை சொல்லலாம். ஆயினும் அந்தப் பழமொழி வெறும் வயிற்றுப்பாட்டைப் பற்றியதன்று என்பதைக் கவனிக்க வேண்டும். உத்தியோகத்தைச் 'சோறு' என்று அவர்கள் சொல்லவில்லை, 'லட்சணம்' என்றார்கள். கல்யாண வீட்டில் புதிதாக அறிமுகமாகும் ஒருவரைப் பெயருக்கு அடுத்தபடியாக நாம் கேட்கும் கேள்வி, "என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்பதே அல்லவா? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதவன், சாப்பாட்டுக்குக் குறைவில்லாத குடும்பத்திலே பிறந்தவனாயினும், எங்கே உட்காருவது என்று தெரியாமல் தூணோரமாக நிற்கிறான்.

இப்படித் தூணோரம் நிற்பவர்களில் பலர் மாற்றுத் திறனாளிகள். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் அவர்கள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர். 2018-ஆம் வருஷத்தில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அலுவலகம் அவர்களுடைய ஜீவனத்தைப் பற்றி விசாரித்தது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட மாற்றுத் திறனாளிகளில் 100-க்குச் சுமார் 23 பேரே வேலையில் இருந்தார்கள். வேலை இல்லாமல் வேலை தேடிக்கொண்டிருந்தவர்களோ 100-க்கு ஒருவர்தான்! மற்ற 76 பேர் வேலை செய்யவுமில்லை, தேடவுமில்லை. இவர்களில் தள்ளாத முதியோரும், படித்துக்கொண்டிருப்போரும் உண்டு என்பது மெய்தான். ஆனால் தேடி அலுத்து, கதவைத் தட்டுவதையே விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர்? வேலையில்லாதோர் என்று எழுதும் பட்டியலில்கூட இடம் பெறாத வேலையில்லாதோர் இவர்கள்.

புள்ளி விவரம் நேயர்களுக்குக் கசக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே நம் அடுத்த வீட்டுக்கு வருவோம். தஞ்சை ஜில்லாவில் நாம் வசிக்கும் சிறு பட்டணத்தில், நமக்கு அடுத்த வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அறுபத்தெட்டு வயதாகிறது. அவருடைய பிள்ளைக்கு வயது இருபத்தாறு. பிறவி முதலே அறிவுசார் குறைபாடு உடையவன். எழுத வராது, இருபது வரையில் பிழையின்றி எண்ணுவான். ஒரு பொருளை எங்கே வைத்தோமோ அங்கே அது இல்லாவிட்டால் அவனுக்குப் பொறுக்காது. நம் வீட்டுக்கு வந்தால் வாசற்படியில் தாறுமாறாகக் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து வரிசையாக வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவான்.

ஒருநாள் மாலை திண்ணையில் பேசிக்கொண்டிருக்கையில் ஆசிரியர் சொன்னார்: "ஸார், கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். இவனுக்குச் சோறு போட இவன் அக்காள் இருக்கிறாள். எனக்குக் கவலை அதுவல்ல. நாங்கள் இருவரும் போன பிறகு, காலையில் எழுந்து இவன் எங்கே போவான்?"

இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. அன்று முதல் அந்தப் பதிலைத் தேடுவதில் நாமும் சேர்ந்துகொண்டோம்.

பையன் சும்மா இருந்தான் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பத்து வருஷ காலம் அவன் பயிற்சி பெற்றான். மெழுகுவர்த்தி வார்க்கக் கற்றான். காகித உறை ஒட்டக் கற்றான். பினாயில் கலக்கக் கற்றான். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு சான்றிதழ் கிடைத்தது. கூடத்துச் சுவரில் அவை வரிசையாகத் தொங்குகின்றன. அந்த வரிசையைக்கூட அவன்தான் நேராக்கி வைத்திருக்கிறான். ஆனால் எந்தப் பயிற்சியின் முடிவிலும் வேலை என்று ஒன்று வரவில்லை. பத்து வருஷமாகக் கையலம்பிக்கொண்டு வந்து நின்றவனுக்கு இலை மட்டும் போடப்படவில்லை! பெரிய ஸ்தாபனம் ஒன்றுக்கு ஆசிரியர் விண்ணப்பம் எழுதினார். "தங்கள் மகனுக்கு ஏற்ற வேலை எங்கள் பட்டியலில் இல்லை" என்று மரியாதையாகப் பதில் வந்தது.

பட்டியல்! இந்த ஒரு வார்த்தையில்தான் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது. நெடுங்காலமாக நாம் குறைபாட்டைப் பார்த்து வேலையை ஒதுக்கிவந்திருக்கிறோம். பார்வையற்றவரா? பிரம்பு நாற்காலி பின்னட்டும். காது கேளாதவரா? தையல் தைக்கட்டும். நடக்க இயலாதவரா? 1990-களில் அவருக்குப் பொதுத் தொலைபேசிக் கூண்டு ஒன்று ஒதுக்கப்பட்டது. மஞ்சள் பலகையின் கீழே உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக் காசு வாங்கி, கௌரவமாகக் குடும்பம் நடத்தியவர் நம் ஊரிலேயே சிலர் இருந்தார்கள். பிறகு கைபேசி வந்தது. சில வருஷங்களில் கூண்டுகள் மறைந்தன. ஒரு தினுசு மனிதருக்கு ஒரு தினுசு வேலை என்று வைத்தால், அந்த வேலை போகும்போது அத்தனை பேரும் ஒரேயடியாகத் தெருவுக்கு வரவேண்டியதுதான்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1995-ஆம் வருஷத்துச் சட்டம் சர்க்கார் உத்தியோகங்களில் 100-க்கு 3 இடங்களை மாற்றுத் திறனாளிகளுக்கு ஒதுக்கியது. 2016-ஆம் வருஷத்துச் சட்டம் அதை நான்காக்கியது. குறைபாடுகளின் வகையையும் ஏழிலிருந்து 21 ஆக விரித்தது. அந்த நான்கில் ஓர் இடம், அதற்கு முன்பு யாருமே நினைத்துப் பார்த்திராத கூட்டத்தாருக்கு – அறிவுசார் குறைபாடு, மன நோய், ஆட்டிசம் முதலியவை உடையோருக்கு – என்று வகுக்கப்பட்டது. இது பெரிய காரியமே. ஆனால் சர்க்கார் உத்தியோகம் என்பது நாட்டிலுள்ள வேலைகளில் ஒரு சிறு பங்குதான். அதற்குப் பரீட்சை உண்டு. நம் அடுத்த வீட்டுப் பையன் எந்தப் பரீட்சையை எழுதுவான்? தனியார் ஸ்தாபனங்களைப் பொறுத்தமட்டில் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 100-க்கு ஐவராவது மாற்றுத் திறனாளிகளாக இருக்கும்படி முதலாளிகளுக்குச் சலுகை காட்டி ஊக்கப்படுத்த வேண்டும் என்று சர்க்காருக்குச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. ஆகவே பெருவாரியான ஜனங்களுக்கு வேலை கிடைக்கவேண்டிய இடம் கோட்டையும் கச்சேரியும் அல்ல, நம் கடைத்தெருவேதான்.

பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தவர்கள் உலகத்தில் சிலர் உண்டு. அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். 1970-களின் தொடக்கத்தில், கடுமையான அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்குச் சைக்கிள் பிரேக் பூட்டக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிரேக்கில் 15 உறுப்புகள். நல்ல புத்திசாலிகளையும் சற்றுத் திணறவைக்கும் வேலை. அதைச் சிறு சிறு படிகளாகப் பிரித்தார். உறுப்புகளுக்கு வர்ணம் பூசி அடையாளம் வைத்தார். வாய்ப்பேச்சைக் குறைத்துக் கையால் காட்டினார். "இவர்களுக்கு ஒன்றும் வராது" என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்கள் பிரேக்குகளைப் பூட்டி முடித்தார்கள். மாணவன் கற்கவில்லையென்றால் கற்பித்தவர் வேறு வழி தேடவேண்டும் என்பதே அவருடைய கொள்கை. இத்தகைய சோதனைகளின் பயனாக, முதலில் பயிற்சி, பிறகு வேலை என்ற முறை அந்நாட்டிலே மெல்ல மாறலாயிற்று. முதலில் உண்மையான வேலையில் அமர்த்து. அந்த இடத்திலேயே ஒரு துணைவர் அருகில் நின்று பழக்கட்டும். பழகியபின் அவர் விலகட்டும் என்ற முறைக்கு 1986-ஆம் வருஷத்தில் அமெரிக்கச் சட்டத்திலும் இடம் கிடைத்தது.

ஜப்பானில் இதைவிட ருசிகரமான விருத்தாந்தம் ஒன்று உண்டு. நிஹோன் ரிகாகாகு கோக்யோ என்பது பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் செய்யும் கம்பெனி. இன்று கவாசாகி நகரில் இருக்கிறது. 1960-ஆம் வருஷத்தில், ஒரு விசேஷப் பள்ளியின் ஆசிரியர் விடாமல் வந்து கேட்டுக்கொண்டதன்மேல், அறிவுசார் குறைபாடுள்ள இரண்டு இளம் பெண்களை அது வேலைக்கு எடுத்துக்கொண்டது. அப்படி வந்தவர்களுக்குத் தராசின் எண்களைப் படிக்க வரவில்லை. கடிகாரம் பார்க்கவும் வரவில்லை. கம்பெனி என்ன செய்தது? சிவப்பு மூடியுள்ள டப்பாவின் சரக்கை நிறுக்கச் சிவப்பு எடைக்கல். நீல மூடியுள்ள டப்பாவுக்கு நீல எடைக்கல். பிசையும் நேரத்தை அளக்க மணற் கடிகாரம்: மணல் முழுதும் இறங்கினால் இயந்திரத்தை நிறுத்து! இவ்வளவுதான் தந்திரம். இன்று அந்தக் கம்பெனியின் தொழிலாளர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் அறிவுசார் குறைபாடு உடையவர்கள். சாக்பீஸோ மற்றக் கம்பெனிச் சாக்பீஸைப் போலவே கரும்பலகையில் எழுதுகிறது.

இவற்றையெல்லாம் ஆசிரியரிடமும் அவர் மனைவியிடமும் பேசிய பிறகு ஒரு யோசனை பிறந்தது. "இவனுக்கு ஏதாவது வேலை உண்டா?" என்று இனிக் கேட்பதில்லை. "உங்கள் கடையில் தினந்தோறும் தேங்கிக் கிடக்கும் வேலை எது?" என்று கேட்பது. பையனின் தாயாரும், அவனுடைய பழைய பயிற்சி ஆசிரியை ஒருவரும், நாமுமாகக் கடைத்தெருவில் வரிசையாக ஏறி இறங்கினோம். நேயர்கள் ஒரு முறை இவ்வாறு செய்து பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள். நாற்றுப் பண்ணைக்காரர், பைகளில் மண் நிரப்ப ஆளில்லாமல் நாற்றுகள் வாடுகின்றன என்றார். மருந்துக்கடைக்காரர், காலாவதியான மருந்துகளைப் பிரித்து வைக்க நேரமில்லை என்றார். உணவு விடுதிக்காரர், டம்ளர் துடைக்க ஒருவர் கிடைத்தால் பரிமாறுகிறவர் பரிமாறுவார் என்றார். வேலை இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும் ஊரில் எத்தனை வேலை சிதறிக் கிடக்கிறது!

எல்லோரும் இன்முகம் காட்டினார்கள் என்று சொல்வதற்கில்லை. "பையன் நல்ல பையன்தான், ஸார். ஆனால் வருகிற வாடிக்கைக்காரர்கள் என்ன நினைப்பார்கள்?" என்றார் ஒருவர். மற்றொருவர் தாராள மனசு படைத்தவர். "வேலை எதற்கம்மா? ஓரமாக உட்காரட்டும், மாதம் பிறந்தால் ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிடுகிறேன்" என்றார். "ஐயா, உட்கார வீட்டிலேயே திண்ணை இருக்கிறது, வேலை இருந்தால் கொடுங்கள்" என்று சொல்லி அந்த அம்மாள் படியிறங்கிவிட்டார்.

கடைசியில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி, "அம்மா, பிரித்துக் காட்டப் பத்துப் பேர் இருக்கிறார்கள், மடிக்கத்தான் ஆளில்லை" என்றார். மேடைமேல் துண்டும் வேஷ்டியும் மலைபோல் குவிந்து கிடந்தன. பையன் அந்த மலையைப் பார்த்தான். யாரும் சொல்லாமலே கிட்டப் போய் ஒரு துண்டை எடுத்து ஓரத்தோடு ஓரம் சேர்த்தான். அன்றைக்கு அதுவே அவனுக்குப் பரீட்சை.

மறுவாரம் முதல் காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரையில் வேலை. முதல் மூன்று வாரம் ஆசிரியை கூடவே இருந்தார். மடிப்பின் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டிக் கொடுத்தார். அதை வைத்து மடித்தால் எல்லாம் ஒரே அளவாக வரும். இருபது மடித்ததும் ஒரு கட்டு. கட்டு முடிந்ததும் அலமாரியில் பச்சைச் சீட்டு ஒட்டிய தட்டு. கூட வேலை செய்யும் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு அந்த அட்டையைத் தாங்களும் இரவல் வாங்கிக்கொண்டார்கள். மணி அடித்தும் அவன் சாப்பிட எழுந்திருக்கமாட்டான். "இன்னும் ஐந்து, பிறகு சாப்பாடு" என்று சொன்னால் எழுந்திருப்பான் என்பதை விற்பனைப் பெண் ஒருத்தி கண்டுபிடித்தாள். தீபாவளிக் கூட்டத்தின் இரைச்சலிலும் ஒலிபெருக்கியிலும் அவன் காதைப் பொத்திக்கொண்டு மேஜையின் அடியில் ஒளிந்துகொண்டான். அந்த ஒரு மாதம் மட்டும் அவனுடைய மேடை பின்கட்டுச் சரக்கறைக்கு மாறியது. இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் ஆன மொத்தச் செலவு, ஓர் அட்டையும் சில வர்ணச் சீட்டுகளுமே.

சம்பள விஷயத்தில்தான் வழக்கு வந்தது. முதலாளி பாதிக் கூலி என்றார். பையனின் தகப்பனார், எது கிடைத்தாலும் போதும் என்று தலையசைக்க இருந்தார். அம்மாள், "ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள், மற்றவர்கள் மடிப்பதைவிடக் குறைவாக மடித்தால் குறைவாகக் கொடுங்கள்" என்றார். இரண்டாவது மாதத்தில் எண்ணிப் பார்த்தார்கள். நாலு மணி நேரத்துக்கு மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதே கூலி என்று முடிவாயிற்று. இந்த விஷயத்தை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அமெரிக்காவில் 1938-ஆம் வருஷத்துச் சட்டத்தின் ஒரு பிரிவு, குறைபாடுள்ள தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்கலாம் என்று அனுமதித்தது. வேலை கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தால் வைத்த அந்த விதி, பல தலைமுறைகளை அற்பக் கூலியில் அடைத்துவைத்தது. அதனால்தான் அந்நாட்டில் பல மாநிலங்கள் அதைத் தத்தம் எல்லைக்குள் ஒழித்துவிட்டன. இரக்கத்துக்குக் கூலியில் பிடித்தம் செய்வது இரக்கம் ஆகாது.

எட்டாவது மாதத்தில் ஒருநாள் பையனுக்குக் காய்ச்சல். அவன் போகவில்லை. பதினொரு மணிக்குக் கடையிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்து, "தம்பி ஏன் வரவில்லை? முதலாளி கேட்டுவரச் சொன்னார்" என்று வாசலில் நின்றான். ஆசிரியர் உள்ளே போய் நெடுநேரம் வெளியே வரவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அந்தப் பிள்ளையை ஓரிடத்தில் காணவில்லை என்று யாரும் வந்து கேட்டது அதுவே முதல் தடவை. உத்தியோகம் லட்சணம் என்றால் இதுதான் அந்த லட்சணம் என்று நமக்குத் தோன்றியது: நாம் இல்லாத நாளில் நம் இடம் காலியாகத் தெரியவேண்டும்.

இத்துடன் கதை சுபமாக முடிந்தது என்று மங்களம் பாட நாம் தயாராக இல்லை. முதலாளிக்கும் வயதாகிறது. கடை நாளைக்கு வேறு கைக்கு மாறலாம். ஒரு நல்ல மனிதரின் நல்ல குணத்தை மட்டும் நம்பி நிற்கும் வேலை, ஒற்றைத் தூணில் நிற்கும் பந்தல். ஊருக்கு ஒரு துணைவர் வேண்டும். கடை மாறினால் வேறு கடை தேடிக் கொடுத்து, அங்கே மூன்று வாரம் உடன் நிற்க வேண்டியவர் அவர். அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது சமூகத்தின் கடமை. பஸ்ஸில் ஏற முடியாதவருக்குக் கடையில் வேலை இருந்தும் பயனில்லை. ஆதலால் தாழ்தளப் பஸ்ஸும், படிக்கட்டின் பக்கத்தில் ஒரு சாய்தளமும் வேலைவாய்ப்பின் பகுதிகளேயன்றி உபகாரங்கள் அல்ல.

பட்டணத்தில்தான் இவையெல்லாம் நடக்கும் என்பவர்கள் தென்காசியை அடுத்த ஆய்க்குடிக்குப் போய்வரலாம். 1975-ஆம் வருஷத்தில் கடற்படைத் தேர்வின்போது விபத்துக்குள்ளாகி, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த ஸ்ரீ எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் அந்தக் கிராமத்திலே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் கணக்குத் தணிக்கையாளர் ஸ்ரீ எஸ். சங்கர ராமன் பின்னர் அவருடன் சேர்ந்துகொண்டார். சுற்றுப்புறக் கிராமங்களில் வீடு தேடிச் சென்று பணி செய்வது அச்சங்கத்தின் வழி. இரு கையும் அசையாதவர் ஒரு பெரிய ஸ்தாபனத்தை நடத்திக் காட்டினார் என்னும்போது, 'இவர்களால் என்ன முடியும்' என்ற பேச்சுக்கு இடமேது?

"கை கால் சரியாக உள்ளவனுக்கே வேலை இல்லையே, இவர்களுக்கு எங்கே போவது?" என்பது வழக்கமான ஆட்சேபம். தேசத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் இருப்பது உண்மை. ஆனால் ஜவுளிக்கடையில் குவிந்து கிடந்த துண்டுகளை மடிக்கும் வேலையை யாரிடமிருந்தும் நம் பையன் பறித்துக்கொள்ளவில்லை. அப்படி ஒரு வேலை இருப்பதே அதுவரையில் யாருக்கும் தெரியாது. அன்றியும், பஞ்சம் வந்தால் ஊர் முழுதும் பகிர்ந்துகொள்ள வேண்டியதுதான் நியாயம். ஒரே வகுப்பார் தலையில் கட்டிவிட்டு மற்றவர் நிம்மதியாக இருப்பது எந்தத் தர்மத்திலும் சேராது.

2025-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டுச் சட்டசபை, ஊராட்சி முதல் மாநகராட்சி வரை உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத் திறனாளிகள் நியமன உறுப்பினராக அமர வழி செய்யும் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. அவ்வாறு அமர்பவர்கள், தங்கள் ஊர்க் கடைத்தெருவில் சிதறிக் கிடக்கும் வேலைகளைக் கணக்கெடுப்பதை முதற் காரியமாக வைத்துக்கொண்டால் பெரும் புண்ணியம். உதவித்தொகைக்கு மனுப் போடுவோரின் பட்டியல் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது. அதன் பக்கத்திலே காத்துக் கிடக்கும் வேலைகளின் பட்டியல் ஒன்றும் இருக்கட்டும்.

மன்றம் கூடும்வரை நேயர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கடை வைத்திருப்பவர்கள், ஆபீஸ் நடத்துபவர்கள், அச்சகமோ பண்ணையோ உடையவர்கள், நாளைக் காலையில் தங்கள் இடத்தில் தினந்தோறும் அரைகுறையாக நின்றுபோகும் காரியம் எது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கட்டும். பிறகு, தங்கள் தெருவில் காலையில் எழுந்து போக இடமில்லாமல் இருப்பவர் யார் என்று விசாரிக்கட்டும். இரண்டையும் சேர்த்துவைக்கப் பெரிய மூலதனம் ஒன்றும் வேண்டாம். மூன்று வார காலப் பொறுமையும், அளவு பார்த்து வெட்டிய ஓர் அட்டையும் இருந்தால் தொடங்கிவிடலாம்.